பட்டு ஆபீசர் சொன்ன பொய்கள்

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லக் கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் எங்கள் பட்டு ஆபீசர்தான். அவர் பட்டு ஆபீசர் இல்லை. எந்த ஆபீசரும் இல்லை. சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பெருநோய்க்காரர்களுக்கு, அதாவது தொழுநோயாளிகளுக்கு, மாத்திரை கொடுக்கிற அரசாங்கச் சிப்பந்தி. எண்பதுகளின் பின்பாதியில் இரண்டு வருஷம், மாதம் தவறாமல், கடத்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தது எனக்காக. அந்த நோய் எனக்குத்தான் இருந்தது.

ஆள் குள்ளம். தொப்பை சட்டையின் நான்காவது பொத்தானோடு எப்போதும் சண்டையில் இருக்கும். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு கறுப்புக் குடை தொங்கும். அதை விரித்து நான் பார்த்ததே இல்லை. மழை வந்தால் குடை நனைந்துவிடும் என்று யார் வீட்டிலாவது ஒதுங்கிவிடுவார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். எங்கள் ஜில்லாவில் பத்து வருஷம் சுற்றியும் பாதிப் பேச்சு அந்த ஊர்ப் பேச்சாகவே இருக்கும், மீதிப் பாதியை எங்களிடமிருந்து இரவல் வாங்கிப் பேசுவார்.

நல்ல பொய்க்காரன் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் போய்விடுவான். இவருக்கு அது வராது. எந்த ஊர் என்று கேட்டால் ஊரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, தெருவில் இருக்கும் வேப்பமரத்தைச் சொல்லி, அதில் போன வருஷம் இடி விழுந்ததையும் சொல்வார். அந்த ஊரில் அப்படி ஒரு தெருவே இருக்காது. நிஜத்தைச் சொல்லும்போது மட்டும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, மகளுக்கு மூன்று. ஒரு நாள் அடுப்பிலிருந்து பானையை இறக்கி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இடது உள்ளங்கையில் பெரிய கொப்புளம். சுட்டதே தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே வெளுப்பாக ஒரு படை ரொம்ப நாளாக இருந்தது, தேமல் என்று விட்டிருந்தேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கொஞ்சம் மடங்கத் தொடங்கியிருந்தன. கம்பைநல்லூரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு அறையாகத் தள்ளித் தள்ளிக் கடைசி அறைக்கு அனுப்பினார்கள். அதில் இவர் உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு கோழி இறகோடு.

“கண்ணை மூடிக்குங்க. தொட்டா சொல்லுங்க” என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் பொறுமை போய், “சரி, தொடுங்க சார்” என்றேன். அவர் ஏழு தடவை தொட்டு முடித்திருந்தார்.

“பெருநோய்தாம்மா. மருந்து இருக்கு. ரெண்டு வருஷம். விடக் கூடாது.” அவ்வளவுதான் சொன்னார்.

நான் அழுதேன். அம்மா ஊரில் இந்த நோய் வந்த ஒருத்தியை ஏரிக்கரைக் குடிசையில் ஒதுக்கி வைத்திருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சோற்றைக் கல்மேல் வைத்துவிட்டுத் தள்ளி வந்து கூப்பிடுவார்கள். என்னைக் குடிசையில் வைக்க மாட்டார்கள், கம்பைநல்லூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். மகளை என்னோடு அனுப்ப மாட்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் எங்கள் வீட்டுக்காரருக்கு வேறு பெண் பார்த்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் என் பெண் இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிடுவாள். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது, மாதா மாதம் வெளியே வருவதற்கு எந்தச் சாக்கும் கிடையாது என்றும் சொன்னேன்.

“நான் வர்றேன். வீட்ல என்ன தொழில்?”

“பட்டுப்பூச்சி வளக்கறோங்க.”

“அப்ப நான் பட்டு ஆபீசர்” என்றார். யோசிக்கக்கூட இல்லை.

அடுத்த வாரமே வந்து நின்றார். மாமனாரிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்ட நேரத்தில் நான் நாலு காலித் தட்டுகளைக் கழுவி முடித்துவிட்டேன். எந்தப் பிரிவு, எந்தத் திட்டம், எந்த அதிகாரியின் உத்தரவு, அந்த அதிகாரிக்குச் சர்க்கரை வியாதி, எல்லாம் சொன்னார். பிறகு புழு அறைக்குள் தலையை நீட்டினார். புழுக்கள் தோலுரிக்கும் பருவம். அதற்கு முன்னால் ஒரு நாள் போல இலை தின்னாமல், தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே தூங்கும். அப்போது இலை போடக் கூடாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

“என்னங்க இது, எதுவுமே சாப்பிடாம கிடக்குது! இலையைப் பொடியா நறுக்கிப் போடுங்க. பசியில மயங்கிக் கிடக்குது பாருங்க” என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் கிளம்பிப் போனதும் எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னார்: “ஒண்ணுமே தெரியல. நெசமான ஆபீசருதான்.”

அன்றைக்குத் தொடங்கியது இந்த நாடகம். தினம் சாப்பிட வேண்டிய மாத்திரைகளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை சாப்பிடுகிற பெரிய மருந்தை அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். அதில் மட்டும் அவரிடம் கெஞ்சல் கொஞ்சல் எதுவும் நடக்காது. புழு அறையில் தட்டுகளைச் சோதிக்கிற மாதிரி நின்றுகொண்டு மல்பெரி இலைக்கு அடியில் மாத்திரையை வைத்து நீட்டுவார். விழுங்கியதும், “வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்” என்பார். மாத்திரையை அடக்கிவைத்துத் துப்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாராம்.

மூன்றாவது மாதம் நான் நாக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது மாமியார் உள்ளே வந்துவிட்டார்.

“ஏம் புள்ள, ஆபீசருகிட்ட எதுக்கு நாக்க நீட்டிக்கிட்டு நிக்கற?”

நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவருக்கா பொய் வராது? “புகையிலை, சுண்ணாம்பு வாசம் புழுவுக்கு ஆகாதுங்கம்மா. வெத்தலை போடறவங்க உள்ள வந்தா புழு சுருண்டுடும். ஜப்பான்ல இதுக்குன்னே வாயைப் பார்க்கறதுக்கு வாசல்ல ஒரு ஆள் நிப்பான். அதான் பார்க்கிறேன். நீங்களும் திறங்க பார்ப்போம்.”

அத்தை வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் பேச வாய் எடுக்காதவர். அந்த வாயை அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பிணத்தைப் பார்த்தவர் மாதிரி பின்னால் நகர்ந்தார். “இந்த வாயோட உள்ள வந்தா ஒரு கூடு தேறாது” என்றார். அத்தை பதறிப்போய் வெற்றிலைப் பையைத் தூக்கி எறிந்தார். புகையிலை புழுவுக்கு ஆகாது என்பது மட்டும் நிஜம், ஆபீசர் எங்கேயோ ஒரு சின்னப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தார். அந்தத் தடவை பட்டுக்கூடு நன்றாகவே வந்தது. அதோடு அவர் புகழ் தெரு முழுவதும் பரவிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அவர் வரும்போது நானும் அத்தையும் வரிசையாக நின்று நாக்கைத் தூக்கிக் காட்டினோம்.

அதே சாக்கில் வீட்டில் எல்லாருடைய கையையும் முதுகையும் பார்த்துவிட்டார். தோலில் படை, ஊறல் இருந்தால் புழுவுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார். மாமனார் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். என் மகளைத் தூக்கி மடியில் வைத்து, கோழி இறகால் கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி உடம்பு முழுக்கத் தொட்டுப் பார்த்தார். அவள் ஒவ்வொரு தொடலுக்கும் கெக்கெக்கே என்று சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு மூச்சு வந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பி, “இல்லை” என்றார். ஒரே வார்த்தை. நான் மல்பெரித் தோட்டத்துக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

களிதான் அவருக்குப் பெரிய எதிரி. எங்கள் வீட்டில் யார் வந்தாலும் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் உண்டு. அவருக்குத் தட்டு வைத்தால் அன்றைக்கு விரதம் என்பார். திங்கள் வந்தால் சிவனுக்கு, வியாழன் வந்தால் குருவுக்கு, சனி வந்தால் பெருமாளுக்கு. நாங்கள் கிறிஸ்தவர்கள். அத்தைக்கு இந்தக் கிழமைக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனாலும் ஒரு நாள் கேட்டுவிட்டார்: “எல்லா நாளும் வெரதம்னா இந்தத் தொப்ப எப்படிங்க வந்துச்சு?”

நாலைந்து மாதத்தில் நான் கறுக்கத் தொடங்கினேன். தினம் சாப்பிடுவதில் இருந்த சிவப்பு மாத்திரை அப்படித்தான் செய்யும், முடிந்த பிறகு மெதுவாகத் தெளியும் என்று ஆபீசர் முன்னாலேயே சொல்லியிருந்தார். சாதாரணக் கறுப்பு இல்லை, பழுத்த மல்பெரி மாதிரி சிவப்பு கலந்த கறுப்பு. மாதா கோயிலில் பூசைக்குப் போனால் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் பைபிளில் வரும் பெருநோயாளிகளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து உச்சுக்கொட்டி, “பாவம், அந்தக் காலத்துல எத்தன சனம் கஷ்டப்பட்டுச்சோ” என்றார். நான் கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். அந்தக் காலம் அத்தையின் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அடுத்த மாதம் இதை ஆபீசரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டுமாவது சொல்லிடுங்கம்மா. எனக்குப் பொய் தீர்ந்துக்கிட்டே வருது” என்றார். நான் மாட்டேன் என்றேன். ஒவ்வொரு மாதமும் அவர் கேட்பார், ஒவ்வொரு மாதமும் நான் மாட்டேன் என்பேன்.

அவர் எங்களுக்கு மட்டுந்தான் பட்டு ஆபீசர் என்பது கடத்தூர்ச் சந்தையில் தெரிந்தது. தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஒருத்தி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பார்த்தேன், பழுத்த மல்பெரி நிறம். அவளும் என் கையைப் பார்த்தாள். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் தக்காளியை உருட்டினோம். பிறகு அவள்தான் வாயைத் திறந்தாள்.

“குடைய விரிக்கவே மாட்டாரே, அவருங்களா?”

“ஆமாங்க.”

“உங்க வூட்டுக்கு என்னாவா வர்றாரு?”

“பட்டு ஆபீசருங்க. உங்களுக்கு?”

“மாட்டு டாக்டரு” என்றாள். “போன மாசம் எங்க எருமை கன்னு போட முடியாமக் கெடந்துச்சு. ஊரே இவரப் புடிச்சு மாட்டுக் கொட்டாய்க்குள்ள தள்ளிடுச்சு. பாவம், எருமை மூஞ்சப் பாத்து ஜெபம் பண்ற மாதிரி நின்னாரு. நல்ல வேள, அதுவே போட்டுடுச்சு.”

சிரித்தோம். தக்காளிக்காரி எங்களை முறைக்கும் வரைக்கும் சிரித்தோம். எனக்கு இருப்பது இன்னொருத்திக்கும் இருக்கிறது, அவளும் சந்தைக்கு வருகிறாள், சிரிக்கிறாள் என்பது அன்றைக்கு எனக்கு மருந்தைவிடப் பெரிதாக இருந்தது. அவள் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. என் உள்ளங்கையில் புதிதாக ஒரு சூட்டுக் காயத்தைப் பார்த்தால் பட்டு, புழு, ஜப்பான் எல்லாம் மறந்துபோகும். “துணி எங்க? துணி பிடிச்சுத்தானே இறக்கச் சொன்னேன்? கை உங்களுக்குச் சொல்லாது. கண்ணுதான் பார்க்கணும்!” என்று கத்துவார். வெளியே நின்ற அத்தைக்கு, ஆபீசர் புழுத் தட்டுக்காகத் திட்டுவதாகத் தோன்றும். “நல்லாத் திட்டுங்க சார், அவளுக்கு எப்பவும் அசட்டை” என்று அங்கிருந்தே ஒத்து ஊதுவார்.

பதினான்காவது மாதம் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கினவர் நிஜமான பட்டு ஆபீசர். நாலு வார்த்தை பேசினார், நாலும் புழுவைப் பற்றி. தூங்குகிற புழுவைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றார். எங்கள் ஆபீசரைப் பற்றி மாமனார் பெருமையாகச் சொன்னதும், “இந்தப் பக்கத்துக்கு நான் மட்டுந்தாங்க. அப்படி ஒரு ஆளே கிடையாதே” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மாதா மாதம் ஒரு ஆம்பளை பொய்ப் பேரில் வருகிறான். மருமகளோடு புழு அறைக்குள் தனியாக நிற்கிறான். அவள் அவனிடம் நாக்கைக் காட்டுகிறாள். ஒரு தடவை தோட்டத்தில் போய் அழுததையும் யாரோ பார்த்திருக்கிறார்கள். என்ன நினைப்பார்கள்? நோயை மறைக்கச் சொன்ன பொய் என் நடத்தையில் கொண்டுபோய் மாட்டிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் என்னை எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமலே இருந்தார். அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆபீசர் வரும் நாள் வந்தது. சைக்கிளை நிறுத்தியதும் எங்கள் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துப் புழு அறைக்குள் இழுத்துக்கொண்டு வந்தார். மாமனார் கதவைச் சாத்தினார். உள்ளே நாங்கள் ஐந்து பேர். புழுக்கள் இலை தின்கிற சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

“யாருய்யா நீ?”

“பட்டு ஆபீசர்...”

“நெசமான ஆளு ஜீப்புல வந்துட்டுப் போயாச்சு.”

அப்போதும் மனிதர் விடவில்லை. “அவரு ஸ்டேட் பட்டுங்க. நான் சென்ட்ரல் பட்டு. எங்களுக்கு ஜீப் கிடையாது. டெல்லியில பைல் நிக்குது. அந்த பைலைப் பார்க்கிறவருக்குக் கண் ஆபரேஷன்...”

எங்கள் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். தொப்பையோடு சண்டையில் இருந்த பொத்தான் தெறித்து ஒரு தட்டில் புழுக்களுக்கு நடுவே விழுந்தது. ஆபீசர் என்னைப் பார்க்கவே இல்லை. அடி விழுந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், எனக்குத் தெரியும். சைக்கிளையும் வேலையையும் பேரையும் விட்டுவிட்டு அந்த டெல்லி பைலோடு செத்திருப்பார்.

“அவர விடுங்க” என்றேன். “எனக்குப் பெருநோய். மருந்து குடுக்க வர்றாரு.”

புழுக்கள் தின்றுகொண்டே இருந்தன. எங்கள் வீட்டுக்காரர் சட்டையை விட்டார். மாமனார் சுவரோடு ஒட்டிக்கொண்டார். முதலில் பேசியது அத்தை.

“அப்ப எங்க வெத்தலைய எதுக்குய்யா நிறுத்துன?”

அத்தை ஆபீசருக்கு முன்னால் போய் நின்றார். அடுத்த கேள்விகள் கோபத்தில் வரவில்லை, பயத்தில் வந்தன.

“எங்களுக்கு ஒட்டுமா?”

“மருந்து ஆரம்பிச்சாச்சு. ஒட்டாது. உங்களைப் பார்த்துட்டேன். யாருக்கும் இல்லை.”

“கொழந்தைக்கு?”

“இல்லை.”

“இவளுக்கு நல்லாயிடுமா?”

“ஆயிடும். இன்னும் பத்து மாசம்.”

அத்தை என் இடது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினார். அந்த இரண்டு விரலும் மடங்கியே நின்றன. அறுப்பில் அரிவாள் பட்டு நரம்பு இழுத்துக்கொண்டது என்று அத்தையிடம் சொல்லியிருந்தேன்.

“இந்த வெரலு நிமிருமா?”

“நிமிராதுங்க” என்றார். “முன்னாடியே வந்திருந்தா நிமிர்ந்திருக்கும். இனி நிமிராது.”

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் அத்தனை பொய் சொன்ன மனிதருக்கு எனக்காக இந்த ஒரு பொய் வரக் கூடாதா? நிமிரும் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? என் வாழ்க்கையே அத்தையின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அத்தை என் கையை விடவில்லை. எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டியா? நிமிராதுங்கறாரு. எருமை முட்டை போடுமான்னு கேட்டாலும் ஆமாங்கற ஆளு இவரு. நிமிரும்னு சொல்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்? நிமிராதுங்கறாரு பாரு. அப்ப மத்தது எல்லாம் நெசந்தான்.”

பிறகு என்னிடம், “மருந்து முடியட்டும். நீ எங்கியும் போவ வேணாம்” என்றார். கதவைத் திறப்பதற்கு முன்னால் எல்லாரையும் ஒரு தடவை பார்த்து, “வெளிய எவன் கேட்டாலும் இவரு சென்ட்ரல் பட்டு” என்றார்.

அதோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொன்னால் நானும் ஆபீசர் மாதிரி ஆகிவிடுவேன். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. நோயைவிட நான் மறைத்தது அவருக்கு வலித்தது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து மடங்கிய விரலைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். “வலிக்குதா?” என்று கேட்டார். “இழுக்கறதே தெரியலீங்க” என்றேன். அவர் அழுதார். அன்றிலிருந்து பானையை அவரே இறக்கி வைத்தார்.

சாப்பாட்டுத் தட்டுதான் கஷ்டம். என்னைப் போகச் சொல்லாத அத்தை என் தட்டையும் தம்ளரையும் மட்டும் தனியே கவிழ்த்து வைத்தார். திட்டவில்லை, எதுவும் சொல்லவில்லை, தனியே வைத்தார். சாப்பிடும்போதெல்லாம் ஏரிக்கரைக் கல் ஞாபகம் வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை ஆபீசர் வந்தபோது, அடுக்கிலிருந்த தட்டுகளையும் மூலையில் கவிழ்ந்திருந்த ஒற்றைத் தட்டையும் பார்த்தார். மாத்திரை கொடுத்து, நாக்கைச் சோதித்துவிட்டு, நேராகப் போய் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பசிக்குதும்மா. களி போடுங்க.”

“இன்னிக்கு எந்தச் சாமிக்கும் வெரதம் இல்லீங்களா?” என்றார் அத்தை.

“இல்லை.”

களியைக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். அவர் மென்றார். மெல்ல மெல்ல அது பல்லிலும் மேலண்ணத்திலும் அப்பிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. விடாமல் மென்றார். அத்தை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“மெல்லக் கூடாதுங்க, முழுங்கணும்! ஊருக்கெல்லாம் முழுங்கச் சொல்லிக் குடுக்கற ஆளுக்கு இது தெரியலையே! எங்க, வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.”

அவர் தூக்கிக் காட்டினார். கன்னத்துக்குள் களி அப்படியே இருந்தது. அத்தை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அவர் முழு உருண்டையையும் தின்று முடித்தார். தட்டை அத்தையே வாங்கிக் கழுவினார். கழுவி அடுக்கில் மற்ற தட்டுகளோடு வைத்தார். அதற்குப் பிறகு அடுக்கில் எது என் தட்டு என்று எனக்கே தெரியவில்லை.

இருபத்து நான்காவது மாதம் கடைசி மருந்து. விழுங்கினேன், நாக்கைக் காட்டினேன். என் மருந்து அட்டையில் எழுதிவிட்டு, “முடிஞ்சுதும்மா” என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. “ஏன், இன்னும் ரெண்டு வருஷம் சாப்பிடறீங்களா?” என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை தருமபுரிக்கு வந்து கையைக் காட்டிவிட்டுப் போனால் போதும் என்றார். துணி பிடிக்காமல் பானை தொடக் கூடாது என்று கடைசியாக ஒரு தடவை திட்டினார்.

வாசலில் வைத்து அத்தையிடமும் சொன்னார், இனிமேல் இந்த வீட்டுக்கு வரத் தனக்கு வேலை இல்லை என்று. அத்தைக்கு முகம் வாடிவிட்டது. மனசில் இருப்பதை நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவர், முந்தானையால் எதையோ துடைத்துக்கொண்டே சொன்னார்: “வேல இல்லாட்டி என்னாங்க? ஏதாச்சும் ஒரு பொய்யச் சொல்லிக்கிட்டாச்சும் வந்துட்டுப் போங்க.”

“வர்றேம்மா” என்றார். “அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை. காலையில பதினோரு மணிக்கு. பத்தரை பஸ்ஸைப் பிடிச்சா பாலத்துக்கிட்ட இறங்கி நடந்து வந்துடலாம். எங்க வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வர்றேன், அவளுக்குப் புழு பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை.”

அத்தனை விவரம் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு மாற்றல் உத்தரவு ஏற்கனவே வந்துவிட்டது என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அத்தை ரோட்டோரம் போய் நின்றார். பஸ் போய், புழுதியும் அடங்கிவிட்டது. நான் போய், “வெயில்ல நிக்காதீங்க அத்த. அவரு வரமாட்டாரு” என்றேன்.

“எனக்குத் தெரியாதா?” என்றார் அத்தை. “நான் ஒண்ணும் அவருக்காக நிக்கல. மேற்கத் தோட்டத்துக்காரி கீரை வெதை குடுக்கறேன்னு சொன்னா, அவ மவன் பதினோரு மணிக்கு இந்தப் பக்கம் வருவானாம், செவப்பு சைக்கிள்ல வருவானாம், அதான் நிக்கறேன்.”